நிறம் மாறிய நாணயம்: அச்சுப் பிழையா, அடுப்படி வேலையா?

காய்கறிக் கடையில் மீதிச் சில்லறையோடு ஒரு 5 ரூபாய் வந்தது. வீட்டு வெளிச்சத்தில் பார்த்தால் மற்ற 5 ரூபாய்களின் மஞ்சள் அதில் இல்லை. தேய்த்து வைத்த செப்புக் குடம் மாதிரி சிவப்பு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் எடை போட்டுப் பார்த்தேன், அதன் பிறகு நன்றாகவே தூங்கினேன்.

இப்படி நிறம் மாறிய நாணயத்தோடு என்னிடம் வருபவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இது எரர் காயினா?" அதாவது அச்சுச்சாலையிலேயே தவறாக அடிபட்டு வந்த நாணயமா? பெரும்பாலும் இல்லை. ஆனால் சும்மா இல்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. எனவே என்ன அறிகுறி தெரிந்தால் எதைச் சோதிப்பது என்று எழுதிவைக்கிறேன்.

ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் எளிது. அச்சுச்சாலையில் நாணயத்துக்குத் தனியாக யாரும் நிறம் கொடுப்பதில்லை. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுகிறார்கள், சூடாக்கி மென்மையாக்குகிறார்கள், கழுவுகிறார்கள், ஓரத்தைத் தூக்கிவிடுகிறார்கள், கடைசியில் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார்கள். நிறம் என்பது அந்த வில்லையின் உலோகம்தான். ஆகவே அச்சுச்சாலையிலேயே நிறம் தவறியிருந்தால் அநேகமாக வேறு உலோக வில்லை உள்ளே புகுந்திருக்க வேண்டும். உலோகம் மாறினால் எடை, தடிமன், காந்தத்துக்கு அது காட்டும் குணம் ஆகியவற்றில் ஒன்றாவது கூடவே மாறும். எல்லாம் சரியாக இருந்து நிறம் மட்டும் வேறாக இருந்தால் சந்தேகம் வெளியுலகத்தின் மேல்தான். இதற்கு ஓரிரு விதிவிலக்குகள் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

கையில் வேண்டியவை: 0.01 கிராம் வரை காட்டும் சின்ன நகைத் தராசு, ஒரு காந்தம் (உடைந்த ஸ்பீக்கரில் இருந்து எடுத்ததே போதும்), பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். இவற்றைவிட முக்கியம், அதே மதிப்பில் அதே ஆண்டில் வந்த சாதாரண நாணயம் ஒன்று. ஒப்பிட ஆள் இல்லாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். அப்புறம், புளி, எலுமிச்சை, விபூதி மூன்றையும் தூர வையுங்கள். குத்துவிளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் அவை சரி. நாணயத்தைத் தேய்த்தால் சாட்சியும் சேர்ந்து போய்விடும்.

"என்னிடம் உள்ள 5 ரூபாய் வெள்ளையாக இருக்கிறது"

முதலில் ஆண்டைப் பாருங்கள். 1992இல் வந்த 5 ரூபாய் செம்பு நிக்கல் கலவை, 9 கிராம், வெள்ளை நிறம். 2007, 2008 வாக்கில் அது ஸ்டீலுக்கு மாறி 6 கிராம் ஆனது. அதுவும் வெள்ளைதான். 2009இலிருந்துதான் நாம் இன்று பார்க்கும் மஞ்சள் நிக்கல் பித்தளை. எனவே 2001 என்று போட்ட வெள்ளை 5 ரூபாய் பிழை அல்ல, அதன் பிறவி நிறமே அதுதான்.

பழைய காசுகளில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். 1957இல் நயா பைசா வந்தபோது 1 பைசா வெண்கலம். 1962 வாக்கில் நிக்கல் பித்தளை ஆனது. 1965இல் அலுமினியம். ஒரே காசு, பத்து ஆண்டுக்குள் மூன்று நிறம். 10 பைசாவும் அப்படித்தான்: முதலில் வெள்ளை, 1968 முதல் சில ஆண்டுகள் மஞ்சள், பிறகு அலுமினியம். தாத்தா பெட்டியில் மஞ்சள் நிறத்தில் 1 அணாவோ 2 அணாவோ கிடைத்து, அதில் 1942 முதல் 1945 வரை ஏதாவது ஓர் ஆண்டு இருந்தால் அதுவும் சரியான காசுதான். உலகப் போரில் நிக்கலுக்குத் தட்டுப்பாடு வந்ததால் நிக்கல் பித்தளையில் அடித்தார்கள்.

உலோகம் மாறும் காலத்தில் இரண்டு விதமும் ஒரே ஆண்டில் வெளிவருவதும் உண்டு. 1980களின் கடைசியில் 25 பைசா செம்பு நிக்கலிலும் ஸ்டீலிலும் சேர்ந்தே வந்தது. காந்தத்தில் ஒட்டாதது 2.5 கிராம், ஒட்டுவது 2.83 கிராம். நாணயப் பட்டியல் நூலையோ இணையப் பட்டியலையோ ஒருமுறை புரட்டினால் பாதிப் பேரின் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்.

மஞ்சள் நாணயம் சிவந்துபோயிருக்கிறது

என் 5 ரூபாய் கதை இதுதான். 2009க்குப் பிந்தைய 5 ரூபாயில் முக்கால் பங்கு செம்பு, ஐந்தில் ஒரு பங்கு துத்தநாகம், மீதி நிக்கல். உப்புநீரிலோ புளிப்பிலோ வெகுநாள் கிடந்தால் துத்தநாகம் முதலில் கரைந்து ஓடிவிடும். மேற்பரப்பில் செம்பு மட்டும் தங்கும். பார்ப்பதற்குச் செம்பு நாணயம், உள்ளே அதே பழைய பித்தளை. ராமேசுவரத்தில் கடலில் காசு போடுகிறோம், காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது ரயில் ஜன்னலிலிருந்து போடுகிறோம். அவற்றில் சில திரும்பி எடுக்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்த சில்லறை டப்பாகூட இந்த வேலையைச் செய்யும்.

லென்ஸில் பாருங்கள். சிவப்புப் பரப்பு வழவழப்பாக இருக்காது. நுண்ணிய குழிகள், சொரசொரப்பு, தவிட்டைத் தூவியது போன்ற தோற்றம். கை படும் மேடுகளில், அதாவது சிங்கத் தலையிலும் ஓர வளையத்திலும், மஞ்சள் எட்டிப் பார்க்கும். எடை 6 கிராமுக்குச் சற்றுக் கீழே நிற்கும். என்னுடையது 5.93. காந்தம் ஒட்டவில்லை. சாதாரணப் பித்தளைக்கும் ஒட்டாது.

இதோடு இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள். எனக்கு இது எல்லாக் கருவிகளையும்விட உதவியிருக்கிறது. அந்த ஆண்டில் அந்த உலோகத்தில் வேறு எந்த நாணயம் அச்சாகிக்கொண்டிருந்தது? தவறான வில்லை வானத்திலிருந்து விழாது, பக்கத்து இயந்திரத்துக்குப் போக வேண்டிய தொட்டியிலிருந்துதான் வரும். இந்தியாவில் புழக்கத்துக்கான செம்பு நிற வெண்கலக் காசு 1960களோடு முடிந்துவிட்டது. 2010களில் ஒரு செம்பு வில்லை எங்கிருந்து வரும்?

ஸ்டீல் நாணயத்தில் பொன்னிறம், ஊதா, நீலம்

பார்க்க மிக அழகாக இருக்கும். அதனால்தான் ஆசையையும் அதிகம் கிளப்பும். 1 ரூபாயும் 2 ரூபாயும் இப்போது குரோமியம் கலந்த ஸ்டீல். அதைச் சூடாக்கினால் மேலே மிக மெல்லிய ஆக்சைடு படலம் வளரும். படலத்தின் கனத்தைப் பொறுத்து முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு செம்பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். பைக் சைலன்சரின் வளைவில் எஞ்சினுக்குப் பக்கத்தில் பார்ப்பீர்களே, அதே நிறம்தான்.

நம் வீடுகளில் காசு நெருப்புக்குப் போகும் வழிகளுக்குக் குறைவில்லை. கற்பூரத் தட்டில் போடும் தட்சிணை, ஹோம குண்டத்தில் விழும் ஒற்றை ரூபாய், குப்பையோடு எரிந்தது, யாரோ ஒரு பையன் கேஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்துப் பார்த்தது. நிறம் ஒரு பக்கம் அடர்ந்து மறுபக்கம் வெளுத்துப் பட்டை பட்டையாகப் போனால் சூடு ஒரு திசையிலிருந்து வந்திருக்கிறது. எடை மாறாது, காந்தம் வழக்கம்போல் ஒட்டும். இதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

தங்கம் போல, அல்லது செம்பு போல மின்னும் 1 ரூபாய்

கவரிங் நகை செய்யத் தெரிந்த ஊரில் கவரிங் நாணயம் செய்வது பெரிய காரியமா? கைராசிக்கு, பரிசுக்கு, சாவிக்கொத்துக்கு, சும்மா வேடிக்கைக்கு என்று நாணயத்துக்கு முலாம் போடுகிறார்கள். பிறகு அது எப்படியோ சில்லறையில் கலந்துவிடுகிறது.

முதல் சோதனை காந்தம். பொன்னிற 1 ரூபாய் காந்தத்தைப் பாய்ந்து பிடித்தால் உள்ளே ஸ்டீல்தான். இரண்டாவது, கீறல்கள். புழக்கத்தில் இருந்த நாணயத்தில் மெல்லிய கீறல்கள் இருக்கும். லென்ஸில் அந்தக் கீறலின் உள்ளே பாருங்கள். கீறலுக்குள்ளும் அதே தங்க நிறம் வழிந்து இறங்கியிருந்தால் கீறல் விழுந்த பிறகுதான் நிறம் வந்திருக்கிறது. அச்சுச்சாலையை விட்டு வெளியே வந்து, பல கைகள் மாறி, அதன் பிறகு முலாம். வழக்கு முடிந்தது. மூன்றாவது, எழுத்துகளின் கூர்மை. முலாம் போட்ட எழுத்து லேசாக வீங்கியது போல இருக்கும், இடுக்குகளில் நிறம் திரண்டிருக்கும், விளிம்பில் எங்காவது உரிந்து வெள்ளை தெரியும். எடை சில சென்டிகிராம் கூடியிருக்கலாம்.

செம்பு முலாமின் புகழ்பெற்ற கதை அமெரிக்காவில் நடந்தது. 1943இல் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1 சென்ட் காசுகளைத் துத்தநாகம் பூசிய ஸ்டீலில் அடித்தார்கள். அந்த ஆண்டின் காசு சாம்பல் நிறம், 2.70 கிராம். முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில எப்படியோ தொட்டியில் தங்கி, 1943 அச்சிலேயே அடிபட்டு வெளியே போய்விட்டன. உலகத்தில் அதிகம் தேடப்படும் பிழை நாணயங்களில் அதுவும் ஒன்று. தேடல் அதிகமானதும் மோசடியும் வந்தது. ஸ்டீல் காசுக்குச் செம்பு முலாம் போட்டார்கள். 1948 காசில் 8இன் ஒரு பக்கத்தைச் சுரண்டி 3 ஆக்கினார்கள். முதல் வகையைக் காந்தமே காட்டிக்கொடுத்துவிடும், உண்மையான வெண்கலக் காசு 3.11 கிராம் இருக்கும், காந்தத்தில் ஒட்டாது. இரண்டாவது வகையில் எடையும் சரி, உலோகமும் சரி. அதற்கு லென்ஸும் பொறுமையும்தான் வேண்டும். நம் 1 ரூபாய்க்கும் இதே வரிசையில்தான் சோதனை.

10 ரூபாயின் நிறம் இடம் மாறியிருக்கிறது

முதலில் அது 20 ரூபாயா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், எனக்கே ஒருமுறை நடந்தது. 10 ரூபாயில் வெளிவளையம் மஞ்சள், நடு வெள்ளை. 20 ரூபாயில் நேர்மாறு: வளையம் வெள்ளை, நடு மஞ்சள். இரண்டும் 27 மில்லிமீட்டர். ஆனால் 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கங்கள் உண்டு, எடை 8.54 கிராம்.

நாணயம் முழுக்க ஒரே நிறமாக இருந்தால் வளையமும் நடுவும் சேரும் கோட்டைத் தேடுங்கள். கோடு தெளிவாக இருந்து இருபுறமும் ஒரே நிறம் என்றால் முலாம் அல்லது பெயின்ட். கோடே இல்லை, ஒற்றை உலோகத்தில் வடிவம் மட்டும் இருக்கிறது என்றால் விஷயம் சுவாரசியமானது. ஆனால் குதிக்க வேண்டாம், போலி நாணயமாகவும் இருக்கலாம். 5, 10 ரூபாய்களில் கள்ளக்காசு அடித்தவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். எழுத்துகள் மழுங்கி, பரப்பில் கொப்புளங்கள் இருந்தால் அந்தப் பக்கம்தான் யோசிக்க வேண்டும்.

நடுப்பகுதியைத் தட்டி எடுத்து வேறொன்றை வைத்த கைவேலையும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. அச்சுச்சாலையில் வளையமும் நடுவும் வெறும் வில்லைகளாகச் சேர்ந்த பிறகு ஒரே அடியில்தான் அச்சாகின்றன. எனவே நடுவில் உள்ள சிங்கம் வளையத்தில் உள்ள எழுத்துகளுக்கு நேராகத்தான் நிற்கும். சிங்கம் மட்டும் சற்றுத் திரும்பி, பின்பக்கத்திலும் நடுப்பகுதி அதே அளவு விலகியிருந்தால், அடிபட்ட பிறகு யாரோ அதைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

கறுப்பு, பச்சை, வெண்புள்ளி

வெள்ளி நாணயம் கறுத்தால் கந்தகம். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தீர்களா? பச்சைப் பிசுக்கு என்றால் மலிவான பிளாஸ்டிக் உறை. அலுமினியக் காசில் வெண்மையாகப் பூத்திருந்தால் ஈரம். மஞ்சளும் குங்குமமும் ஒட்டியிருந்தால் உண்டியல், தண்ணீரில் போகும். எதுவும் பிழை அல்ல.

கோடு கோடாக, மரத்தின் ரேகை போல

விதிவிலக்கு என்று சொன்னேனே, அது இங்கேதான். உலோகக் கலவை சரியாகக் கலக்காமல் தகடாக உருட்டப்பட்டால் வேறு நிறக் கோடுகள் ஒரே திசையில் ஓடும். எடை மாறாது, காந்தமும் மாறாது, ஆனாலும் இது அச்சுச்சாலைக்கு முந்தைய உண்மையான குறை. கோடு எழுத்தின் மேலும் ஏறி, சமதளத்திலும் அதே போக்கில் தடையின்றிப் போகிறதா என்று பாருங்கள். அப்படிப் போனால் அது உலோகத்திலேயே இருப்பது. கறை என்றால் எழுத்தைச் சுற்றித் தேங்கி நிற்கும். மேல்தோல் செதிலாக உரிந்து அடியில் வேறு நிறம் தெரிவதும் இந்தக் குடும்பம்தான்.

வில்லையை மென்மையாக்கும் உலையில் சூடு தவறினாலும் செம்பு கலந்த நாணயம் செம்பழுப்பாக வெளிவரலாம். ஆனால் அதையும், பிறகு மண்ணில் கிடந்து பழுத்ததையும் பிரிப்பது பழகியவர்களுக்கே சிரமம். நிறத்துக்கு மேலே அச்சின் புது மினுமினுப்பு அப்படியே இருந்தால் மட்டும் நான் தனியாக எடுத்து வைப்பேன். மினுமினுப்பு இல்லாத பழுப்பு நாணயத்துக்கு யாரிடமும் வாதாட மாட்டேன்.

எடையும் காந்தமும் கூடவே மாறியிருக்கின்றன

இப்போது நிமிர்ந்து உட்காரலாம். 2011க்குப் பிறகு 2018 வரையிலான அளவுகளை வைத்துச் சொல்கிறேன். அப்போது 1 ரூபாய் 22 மில்லிமீட்டர், 3.79 கிராம், ஸ்டீல். 2 ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம், ஸ்டீல். 5 ரூபாய் 23 மில்லிமீட்டர், 6 கிராம், நிக்கல் பித்தளை. 1 ரூபாய்க்கான வில்லை 5 ரூபாய் இயந்திரத்தில் புகுந்தால் என்ன வரும்? வெள்ளையான ஒரு 5 ரூபாய். காந்தம் ஒட்டும், எடை 3.79 பக்கத்தில் இருக்கும், வில்லை சிறிது என்பதால் ஓர வளையம் முழுதாக எழும்பாது. 5 ரூபாய் வில்லை 2 ரூபாய் அச்சில் சிக்கினால் மஞ்சள் 2 ரூபாய், 6 கிராம், காந்தம் ஒட்டாது. நிறம், எடை, காந்தம், ஓரம் நான்கும் ஒரே கதையைச் சொல்கின்றன பாருங்கள். பெரிய வில்லை சின்ன இயந்திரத்துக்குள் சாதாரணமாகப் போகாது. விளிம்பைச் சுற்றிப் பிடிக்கும் வளையம் தடுத்துவிடும். ஆகையால் 25 மில்லிமீட்டர் வில்லையில் அடித்த குறையில்லாத 5 ரூபாய் என்று அந்த ஆண்டுகளுக்கு யாராவது கதை சொன்னால் நம்பாதீர்கள். 2019இல் வந்த புது வரிசையில் அளவுகள் வேறு: 1 ரூபாய் 20, 2 ரூபாய் 23, 5 ரூபாய் 25 மில்லிமீட்டர். ஆண்டைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்தது அடர்த்தி. தராசின் மேல் ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண் நாணயத்தின் கன அளவு. நாணயத்தின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. 6 கிராம் நாணயம் 0.70 காட்டினால் 8.57, அது நிக்கல் பித்தளை. 0.78 காட்டினால் 7.69, அது ஸ்டீல். செம்பு நிக்கல் 8.9 அருகில் வரும், அலுமினியம் 2.7. நாணயத்தில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும், நூலை ஆட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

இதிலும் தேறினால், தங்கத்துக்கு டச் பார்க்கும் கடைக்கு எடுத்துப் போங்கள். அங்கே உள்ள எக்ஸ்ரே இயந்திரம் நாணயத்தைச் சுரண்டாமல் செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று காட்டிவிடும். ஒரு எச்சரிக்கை: அது மேல்தோலை மட்டுமே படிக்கும். முலாம் போட்ட நாணயத்தை வைத்தால் முலாமைத்தான் சொல்லும். தேய்ந்த மேட்டிலும் விளிம்பிலும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அரத்தால் தேய்த்தோ வெட்டியோ உள்ளே பார்க்கும் யோசனை வேண்டாம். மதிப்பு போய்விடும், அதோடு 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி நாணயத்தை வெட்டுவதும் உருக்குவதும் குற்றம்.

விற்கலாமா?

எந்த அச்சுச்சாலை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, எதுவும் இல்லை என்றால் கொல்கத்தா. (வடசென்னைக்காரர்கள் மன்னிக்கவும், உங்கள் மின்ட், அதாவது பழைய அச்சுச்சாலை, இப்போது பஸ் ஸ்டாண்டின் பெயர்தான்.) இரண்டு பக்கம், விளிம்பு, தராசின் மேல் எடை தெரியும்படி ஒன்று, காந்தத்தோடு ஒன்று, பக்கத்தில் சாதாரண நாணயத்தை வைத்து ஒன்று எனப் படம் எடுங்கள். விவரம் தெரிந்த சேகரிப்பாளர் படத்திலேயே பாதி சொல்லிவிடுவார்.

பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று போனில் வருபவர்களை விட்டுவிடுங்கள். பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று உங்களிடம்தான் முதலில் பணம் கேட்பார்கள். தன் பெயரைப் பயன்படுத்தி இப்படிக் கட்டணம் வசூலிக்கிறார்கள், நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவித்தது.

என் சிவப்பு 5 ரூபாயைக் கொஞ்ச நாள் மேசை டிராயரில் வைத்திருந்தேன். அப்புறம் ஒரு நாள் டீக்கடையில் கொடுத்தேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது செல்லாது சார், வேற குடுங்க" என்றார். இப்போது மறுபடி டிராயரில் இருக்கிறது.